அரசியல் படிக்க வெளிநாடு போகணுமா?

2024 ஆகஸ்ட் கடைசியில், அப்போது தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை ஆக்ஸ்போர்டுக்குக் கிளம்பினார். செவனிங் குருகுல் ஃபெல்லோஷிப், 12 வாரம், செலவு பிரிட்டன் அரசுடையது. அவர் இல்லாத நாட்களில் கட்சியைக் கவனிக்க எச்.ராஜா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். செய்தி இவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மாதமும் நம் ஆட்கள் அடித்த கூத்து இருக்கிறதே! ஒரு பக்கம், "அரசியலை லண்டன்ல போய்த்தான் படிக்கணுமா? மூணு மாசத்துல என்னய்யா படிப்பு?" என்று கிண்டல். இன்னொரு பக்கம், "எங்க தலைவர் ஆக்ஸ்போர்டு, தெரியும்ல?" என்று காலரைத் தூக்கி விடுவது. டிசம்பர் 1ஆம் தேதி வந்து இறங்கினார். எல்லோரும் பழைய சண்டைக்குத் திரும்பி விட்டார்கள். "என்ன படிச்சீங்க, அதுல நம்ம ஊருக்கு எது ஆகும், எது ஆகாது?" என்று அவருடைய ஆதரவாளரோ எதிர்ப்பாளரோ கேட்டது என் காதில் விழவில்லை.

(நான் எந்தக் கட்சி என்று தேட வேண்டாம். பி.காம் கட்சி.)

இந்த விஷயத்தில் என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கொஞ்ச நாள் வெளிநாட்டில் அரசியல் படிப்பது வீண் வேலை இல்லை. மூன்று மாதம் வேண்டாம், மூன்று வாரம்கூடப் போதும். ஆனால் ஊரிலிருந்து ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அது படிப்பு. மற்றவர்களுக்கு அது சர்டிஃபிகேட் தரும் சுற்றுலா.

தலைவர்கள் விஷயம் இருக்கட்டும். எங்களைப் போன்ற மாணவர்களுக்கு இதன் சின்ன வடிவம் ஒன்று உண்டு. சம்மர் ஸ்கூல். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் காலியாகக் கிடக்கும். வகுப்பறை இருக்கிறது, விடுதி இருக்கிறது, சொந்த மாணவர்கள் விடுமுறையில் போய் விட்டார்கள். வெளியாட்களுக்குத் திறந்து விட்டால் வருமானம். பி.காம் முதலாம் ஆண்டு மாணவனுக்கே புரியும் கணக்கு இது. ஃபிக்சட் காஸ்ட் எப்படியும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! ஹார்வர்டு இதை 1871லிருந்து செய்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் மூன்று மூன்று வாரமாகப் பாடம் நடக்கிறது. அரசியல், சர்வதேச உறவு எல்லாம் உண்டு. ஒரு பாடத்துக்குக் கட்டணம் மட்டும் நம் பணத்தில் மூன்று லட்சத்துக்குக் குறையாது. அதற்கு மேல் விமானம், விசா, சாப்பாடு, தங்குமிடம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் பட்டம் வாங்கி வெளியே வந்து விடலாம் அந்தக் காசில்.

காசே வாங்காமல் கூப்பிடுகிற ஏற்பாடுகளும் உண்டு. அங்கே கணக்கு வேறு. 1951இல் ஹார்வர்டில் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் முன்னின்று ஒரு கோடைக்கால சர்வதேசக் கருத்தரங்கு தொடங்கினார். பல நாடுகளிலிருந்து வளர்ந்து வரும் அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்களைப் பொறுக்கி எடுத்து அழைப்பார்கள். 1953இல் போன நகசோனே பின்னாளில் ஜப்பான் பிரதமர். 1957இல் போன எசெவிட் துருக்கிப் பிரதமர். அந்தக் கருத்தரங்குக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி சிஐஏவுடையது என்பது 1967இல் வெளியே வந்தது. இதைப் படித்ததும் "பார்த்தியா, எல்லாம் சதி" என்று எழுந்து போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 1974இல் சைப்ரசுக்குப் படை அனுப்பியது அதே எசெவிட்தான். அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் யார்? அதே கிஸ்ஸிஞ்சர்! வாத்தியார் சொல்வதை மாணவன் கேட்டே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. யார் செலவு செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

சரி, கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு போவது என்றால் என்ன? இதற்கு உதாரணம் தேடி நான் அதிக தூரம் போக வேண்டியதில்லை. சின்னாளப்பட்டியை ஒட்டியே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1959 பிப்ரவரியில் அங்கே ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். வயது 30. பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

கிங் இந்தியாவில் இருந்தது மொத்தமே ஒரு மாதம். ஒரு சம்மர் ஸ்கூல் அளவு! எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேரவில்லை, பரீட்சை எழுதவில்லை. ஆனால் வரும்போதே கேள்வி கையில் இருந்தது. மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போய் ஜெயித்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அடுத்து என்ன என்பதுதான் அவர் தேடியது. நேருவோடு சாப்பிட உட்கார்ந்தபோது தீண்டாமைச் சட்டம், உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கையில் முன்னுரிமை எல்லாம் பேச்சில் வந்தது. கூட வந்த பேராசிரியர் ரெடிக், அப்படி ஒரு சாராருக்கு முன்னுரிமை கொடுப்பது பாகுபாடு ஆகாதா என்று கேட்டிருக்கிறார். இருக்கலாம், நூற்றாண்டுக் கணக்கில் செய்த அநீதிக்கு நாங்கள் தேடும் பரிகாரம் இது என்கிற பொருளில் நேரு பதில் சொன்னார். கிங் அதை மறக்கவில்லை. 1964இல் வந்த தன் புத்தகத்தில், தன் நாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று வாதாடும் இடத்தில் இந்த உரையாடலை எடுத்து வைக்கிறார்.

இன்னொன்று அதைவிடப் பெரியது. திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போகிறார். தலித் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. தலைமையாசிரியர் பிள்ளைகளிடம், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று இவரை அறிமுகம் செய்கிறார். கிங்குக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு யோசித்தார். ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான், என் நாட்டில் ஒவ்வொரு கறுப்பனும் அப்படித்தான் என்று தோன்றியது. இதை அவரே 1965 ஜூலை 4 அன்று தன் தேவாலயத்தில் பேசும்போது சொன்னார். வெளிநாட்டில் அரசியல் படிப்பது என்றால் எனக்கு இதுதான். வேறு ஊர்க்காரன் வைத்திருக்கும் கண்ணாடியில் நம் ஊர் முகம் தெரிவது.

கிங் பெரிய ஆள், அவரோடு நமக்கென்ன என்பவர்களுக்கு நம்மிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். அதுவும் கணக்குப் பிள்ளை! ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்துகொண்டிருந்தவர். 1927இல் அமெரிக்கா போனார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கினார், 1928இல். அதுவரை நம்ம பி.காம் பாதைதான். அங்கேயே, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. கொலம்பியாவில் அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதைப் பார்த்துவிட்டு, இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள் என்றார். (இதே செலிக்மன்தான் அதற்குப் பத்து வருடம் முன்பு அம்பேத்கருக்கும் பேராசிரியர்.) வரவு செலவு பார்க்கத் தெரிந்த ஆள் பிரிட்டிஷ் இந்தியாவின் வரவு செலவைப் பார்த்தார். வரி எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது? பார்க்கப் பார்க்க, அரசாங்கத்தின் பேரேட்டிலேயே வறுமை எழுதி வைத்திருப்பது தெரிந்தது. ஊர் திரும்பி 1929 மே மாதம் காந்தியைச் சபர்மதியில் பார்த்தார். ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. அடுத்து அவர் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. நியூயார்க்கில் படித்த ஆடிட்டர், குஜராத்தில் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். கடைசிக் காலத்தில் நம் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் இருந்தார். 1960இல் இறந்தார். மூன்று வருட பி.காமில் ஒரு பாடத்திலும் இந்த மனிதரின் பெயரை நான் பார்க்கவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவைப் பற்றிய கேள்வியோடு இன்று ஒரு ஏழை மாணவன் வெளிநாடு போக முடியுமா? மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்கள், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் போன்றவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் ஆராய்ச்சியும் படிப்பதற்கானது. 2022இல் அதன் விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்தப் பணம் கிடையாது. அதையெல்லாம் இந்தியாவிலேயே படிக்கலாமே, இங்கேயே நல்ல நூலகமும் பேராசிரியர்களும் இருக்கிறார்களே என்பது சொல்லப்பட்ட காரணம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1916இல் அம்பேத்கர் கொலம்பியாவில் வாசித்த முதல் பெரிய கட்டுரை எதைப் பற்றி? இந்தியாவில் சாதி. குமரப்பாவின் ஆய்வு எதைப் பற்றி? இந்தியாவின் வறுமை. இந்த விதியின் கீழ் அம்பேத்கருக்கு விமான டிக்கெட் கிடைத்திருக்குமா? கையில் காசு உள்ள வீட்டுப் பிள்ளை ஆக்ஸ்போர்டில் இந்தியாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் ஆராயலாம். சர்க்கார் காசில் போகிற பிள்ளை மட்டும் தன் தெருவைப் பற்றிப் பேசக் கூடாது. யார் தன் தெருவைப் பற்றி அதிகம் கேள்வி வைத்திருப்பாரோ அவர் வாயைத்தான் இது அடைக்கிறது.

மாநில அரசு மட்டும் என்ன? 2024 ஜூனில் நான் முதல்வன் திட்டத்தில் 25 மாணவர்களை ஒரு வாரம் இங்கிலாந்தில் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். நல்ல காரியம், கை தட்டுகிறேன். ஆனால் படிக்க அனுப்பியது செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ். அரசியல் படிக்க அரசு செலவில் ஒருவரை அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளிலும் அதே கதைதானே? "அரசியல் நமக்கெதுக்குப்பா, பேலன்ஸ் ஷீட்டைப் பாரு."

பேலன்ஸ் ஷீட்டைத்தான் பார்க்கிறேன். எங்கள் ஊர் சுங்குடிக்கும் செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பேர் போனது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது செயற்கை இழை நூலுக்கு 18 சதவீதம், துணிக்கு 5 சதவீதம். அதே வருடம் அக்டோபரில் நூலுக்கு 12 ஆனது. நூல் வாங்கும்போது கட்டுகிற வரி அதிகம், சேலை விற்கும்போது வாங்குகிற வரி குறைவு. நடுவில் பணம் தேங்கும். முதல் ஒரு வருடம் அதைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. 2025 செப்டம்பர் 22இல்தான் நூலும் 5 சதவீதத்துக்கு வந்தது. எட்டு வருடம்! இதை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். வாக்கெடுப்பு என்று வந்தால் அங்கே மூன்றில் ஒரு பங்கு பலம் மத்திய அரசுக்கு, மீதி எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டிக் கழித்துப் பாருங்கள், மத்திய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. இது வரிப் பாடமா, அரசியல் பாடமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாட் வரி விதியை மாற்ற 27 நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். மால்டா மாதிரி குட்டி நாடுகூட மறுக்கலாம். அப்படி ஒரு ஏற்பாட்டில் சின்ன ஊரின் குரல் மேலே போகிறதா, அல்லது எதுவுமே நகராமல் நிற்கிறதா? இது என் கேள்வி. எனக்கு மூன்று வாரம் கொடுத்து பிரஸ்ஸல்ஸில் விட்டால் இதைத்தான் கேட்டுக்கொண்டு திரிவேன். ஜனநாயகத்தின் எதிர்காலம் பற்றிப் பொதுவாகப் பேசுகிற வகுப்பில் உட்கார எனக்கு மூன்று லட்சம் எதற்கு? அது இங்கேயே டீக்கடையில் இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு திண்டுக்கல் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2016லிருந்து 2019 வரையும் இதே கதை. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு. இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் மே மாத முதல் வியாழன் என்பது சட்டம். ரொம்பவும் வாயைப் பிளக்க வேண்டாம், அங்கேயும் 2025இல் ஒன்பது இடங்களில் ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். ஆனால் எந்தக் காரணம் சொல்லி, யாரைக் கேட்டு? போய்ப் பார்க்க வேண்டாமா?

அதனால் என் கோரிக்கை இது. மத்திய அரசு அந்த 2022 விதியை எடுக்கட்டும். மாநில அரசு அடுத்த முறை 25 பேரை அனுப்பும்போது ஐந்து இடத்தை அரசியல் படிக்க ஒதுக்கட்டும்; பி.காம், பி.ஏ தமிழ், நர்சிங், யாராயிருந்தாலும் சரி. நுழைவுத் தேர்வு வேண்டாம். உன் ஊரைப் பற்றிய ஒரு கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடு, அவ்வளவுதான். திரும்பி வந்ததும் அறிக்கையைச் சென்னையில் கோப்பில் போட்டுத் தூங்க விடாமல், சொந்த ஊர் கிராம சபையில் நின்று படிக்கட்டும். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றில் அரை மணி நேரம் கிடைக்காதா?

ஒரு சிக்கல் உண்டு. சின்னாளப்பட்டி பேரூராட்சி. எங்களுக்குச் சட்டப்படி கிராம சபையே கிடையாது. நான் போய் வந்தால் பக்கத்து அம்பாத்துரை ஊராட்சிக்காரர்கள்தான் மைக் கொடுக்க வேண்டும்.