நாற்பதில் பத்து

போன மாதக் கடிதத்தில் வந்த கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயசு போன ஆக்கள் வீட்டையும் பென்சனையும் பிடித்து வைத்திருக்க, நாங்கள் வாடகையிலும் படிப்புக் கடனிலும் மூச்சுத் திணறுகிறோம். ஆகவே முதியோர் கொடுப்பனவைக் குறைக்கச் சொல்லி இளைய தலைமுறை கேட்பதில் பிழையில்லை என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டா. பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "எந்தக் கிழவரைப் பற்றிக் கதைக்கிறார் இவர்?"

தோழரோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. கனடாவின் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு, அதுதான் எல்லாரும் ஓ.ஏ.எஸ். என்று சொல்வது, யாரும் சேமித்து வைத்த காசு இல்லை. அதற்கென்று தனி நிதி கிடையாது. இன்றைய வரிக்காசிலிருந்து இன்றே போகிறது, வருஷம் 75 பில்லியன் டொலருக்கு மேல். பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்தி நான் எடுக்கிற சம்பளத்தின் வரியும் அதற்குள் இருக்கிறது. இதில் அநியாயம் எங்கே என்றால், 2024 கணக்குப்படி ஒருவரின் ஆண்டு வருமானம் 90,997 டொலரைத் தாண்டினால்தான் இந்தக் கொடுப்பனவில் கை வைக்கத் தொடங்குவார்கள். அதுவும் தாண்டிய தொகையில் 15 வீதம்தான். இதை ஆள் ஆளாகப் பார்ப்பார்களே தவிர, குடும்பமாகப் பார்ப்பதில்லை. ஆளுக்கு 90,000 வருமானம் உள்ள கணவன் மனைவி, சேர்த்து 180,000 எடுக்கிற வீடு, ஒரு சதம் குறையாமல் இரண்டு முழுக் கொடுப்பனவு வாங்கலாம். பேராசிரியர் போல் கேர்ஷோ தொடங்கிய 'ஜெனரேஷன் ஸ்குவீஸ்' அமைப்பு இதை மாற்றச் சொல்லிக் கனகாலமாகக் கேட்கிறது. அந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்.

ஆனால் அம்மாவின் கேள்வி அப்படியே இருக்கிறது.

எங்கட வீட்டுக் கிழவி அம்மம்மா. 2003-இல் அம்மாவின் ஸ்பொன்சரில் வந்தவ. அவவுக்கு 62 வயசு, எனக்கு மூன்று. முதல் பத்து வருஷம் அரசாங்கத்திடமிருந்து ஒரு சதம் ஓய்வுக் கொடுப்பனவு இல்லை. கனடாவில் பத்து வருஷம் வசிக்காதவருக்கு ஓ.ஏ.எஸ். கிடையாது. ஸ்பொன்சர் பண்ணினவர்தான் பார்க்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பத்து வருஷமும் அவ சும்மா இருந்தாவா? என்னையும் தம்பியையும் வளர்த்தா. விடிய நாலரைக்கு அம்மா பொதி கட்டும் ஃபக்டரிக்கு பஸ் எடுக்க, ஆறு மணிக்கு எங்களை எழுப்பினது அவ. ஸ்காபரோவில் இரண்டு பிள்ளைகளுக்கு டே கேர் கட்ட எங்கட வீட்டில் காசு இருக்கேல்லை. தலைமுறைக் கணக்குப் போடுகிற அட்டவணைகளில் முதியவர் எப்போதும் செலவுப் பக்கத்தில்தான் இருப்பார். அம்மம்மாவின் ஆறு மணியை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

72 வயசில் அவவுக்கு முதல் கொடுப்பனவு வந்தது. நாற்பதில் பத்துப் பங்கு. விதி இதுதான்: 18 வயசுக்குப் பிறகு கனடாவில் வாழ்ந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு. முழுதும் வேண்டுமென்றால் நாற்பது வருஷம். ஒருதரம் பங்கு முடிவாகிவிட்டால், பிறகு எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் அது கூடாது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1977-க்கு முன் பத்து வருஷ வசிப்போடு முழுக் கொடுப்பனவும் கிடைக்க வழி இருந்தது. எங்கட சனம் 83-க்குப் பிறகுதான் கூட்டமாக வந்தது, ஆகவே கிட்டத்தட்ட எல்லாரும் பின்னக் கணக்குக்குள்தான். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு 25 வயசான ஒருவர் அதற்குப் பிறகு இங்கேயே இருந்திருந்தால், 65 ஆகும்போது சரியாக நாற்பது வருஷம். 26 வயசென்றால் ஒரு பங்கு குறைவு. யுத்தம் எந்த வயசில் துரத்தியது என்பதைப் பொறுத்துப் பென்சன்.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் மறிப்பார்கள்: "பங்கு குறைந்தால் என்ன, வருமானம் குறைந்தவர்களுக்கு ஜி.ஐ.எஸ். இருக்குத்தானே, அது அந்தக் குறையையும் சேர்த்து நிரப்பும்." உண்மை, நிரப்பும். அம்மம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அது இல்லையென்றால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் ஓ.ஏ.எஸ். உரிமை மாதிரி, ஜி.ஐ.எஸ். ஒவ்வொரு வருஷமும் உன் ஏழ்மையைக் காட்டிக் கேட்கிற காசு. நாட்டை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது நின்றுவிடும். இருபது வருஷம் இங்கே வாழாதவருக்கு ஓ.ஏ.எஸ்.சும் சேர்ந்து நிற்கும். 2018-இல் அம்மம்மா தன் தங்கச்சியோடு ஒரு வருஷம் இருக்க எண்டு யாழ்ப்பாணம் போனா. ஐந்தரை மாதத்தில் திரும்பி வந்தா. தங்கச்சி அடுத்த வருஷம் போய்விட்டா. அதே காலத்தில் முழுப் பென்சனோடு புளோரிடாவில் குளிர்காலம் கழித்தவர்களும் "முதியோர்" என்ற அதே சொல்லுக்குள்தான் வருகிறார்கள். எங்கட கட்டுரைகளிலும்.

அம்மாவின் கதை இன்னொரு மாதிரி. 1994-இல் வந்தவ, வாற வருஷம் 65. நாற்பதில் 32. ஃபக்டரிச் சம்பளத்தில் வெட்டின சி.பி.பி. பங்களிப்புக்குக் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சத்திலும் ஜி.ஐ.எஸ். கை போடும்: சி.பி.பி.யில் ஒரு டொலர் வந்தால் அங்கே ஐம்பது சதம் குறையும். 65-க்குப் பிறகும் வேலை செய்தால் அந்தச் சம்பளத்தில் முதல் 5,000 டொலருக்கு விலக்கு உண்டு. உழைத்துக் கட்டின சி.பி.பி.க்கு அப்படி ஒரு விலக்கும் இல்லை. வங்கிக்காரருக்கு 90,997 வரை ஒரு சதமும் வெட்டமாட்டார்கள். அம்மாவிடம் முதல் டொலரிலிருந்தே பாதி. இதைத்தான் நாங்கள் "தலைமுறைகளுக்கிடையிலான அநீதி" என்று கூப்பிடுகிறோமா?

வெட்டச் சொல்கிறவர்கள் யாரை வெட்டினார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2012 ஜனவரியில் அன்றைய பிரதமர் ஹார்ப்பர் டாவோஸில் பணக்காரர் கூட்டத்தில் நின்றுகொண்டு பென்சன் செலவு தாங்காது என்று தொடங்கினார். இரண்டு மாதத்தில் வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது: 2023 தொடங்கி வயசு 65-இலிருந்து படிப்படியாக 67. காரணம் சொல்லும்போது வருங்காலச் சந்ததி எண்டுதான் சொன்னார்கள். ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் ஒரு சதம் குறையவில்லை. 54 வயசுக்கு மேற்பட்ட எல்லாரும் தப்பினார்கள். மாட்டினது அம்மாவின் வயசுக்காரரும் அதற்குக் கீழே நாங்களும். வசதியான முதியவரின் கொடுப்பனவைத் தொடவே இல்லை, இளையவர்களின் பெயரால் இளையவர்களிடமே வெட்டினார்கள். 2016-இல் ட்ரூடோ அரசு அதைத் திருப்பியது. திருப்பியிராவிட்டால் அம்மா 66 தாண்டியும் காத்திருக்க வேண்டும், 26 வருஷம் நின்ற முழங்காலோடு. 67 வயசு பேராசிரியருக்கு ஒன்று, பொதி கட்டுகிறவருக்கு வேறொன்று. 2023-இல் பிரான்ஸ் 62-ஐ 64 ஆக்கியபோது அங்கே மாணவர்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பது லா சப்பலில் இருந்து இதை வாசிக்கிற தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மறுபக்கமும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. 2024 இலையுதிர் காலத்தில் புளொக் கெபெக்குவா கட்சி, 65-க்கும் 74-க்கும் இடைப்பட்ட எல்லாருக்கும் ஓ.ஏ.எஸ்.ஸைப் பத்து வீதம் கூட்டு, இல்லாவிட்டால் அரசைக் கவிழ்ப்போம் என்றது. அந்தப் பிரேரணைக்குக் கன்சவேட்டிவும் என்.டி.பி.யும் சேர்ந்து கை தூக்கின. ஏழை முதியவரைக் காட்டித்தான் கேட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் பத்து வீதம் என்றால் நாற்பதுக்கு நாற்பது உள்ளவருக்குக் கிடைப்பது, நாற்பதில் பத்து உள்ளவருக்குக் கிடைப்பதைப் போல நாலு மடங்கு. எங்கட பக்கத்து ஆக்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரித்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்ப என்ன கேட்பது? பெரிய வரிவிலக்கும் வீட்டு லாபமும் உள்ள சோடிகளின் கொடுப்பனவை வீட்டு வருமானத்தைப் பார்த்துக் குறை, இப்போதுள்ளதைவிட மிகவும் கீழே தொடங்கு. அந்தக் காசில் அகதிகளாக வந்தவர்களுக்கு நாற்பது என்ற எண்ணைக் குறை. சி.பி.பி.க்கும் ஜி.ஐ.எஸ்.ஸில் விலக்குக் கொடு. 65-ஐத் தொடாதே. இலங்கையில் உழைத்த வருஷங்கள் எங்கட பெற்றோருக்குக் கணக்கில் இல்லை, இந்தியாவோடு 2015 முதல் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இருக்கிறது, இலங்கையோடு இல்லை. அதைக் கேட்கிற தமிழ் அமைப்பு ஒன்றையும் நான் காணவில்லை. விருந்து வைத்து எம்.பி.மாரோடு படம் எடுக்கத் தெரியும்.

கடைசி வரிசையில் சொன்னவை லேசில் நடக்காது என்று தெரியும். ஆனால் 1985-இல் மல்ரோனி அரசு ஓ.ஏ.எஸ். விலைவாசியோடு ஏறுவதைக் குறைக்கப் பார்த்தபோது அதைத் தடுத்தது கிழவர்கள்தான், பாராளுமன்றப் படியில் பிரதமரை மறித்து முகத்துக்கு நேரே கேட்ட ஒரு அம்மா உட்பட. இன்றைக்கு அந்தக் கொடுப்பனவு விலையோடு ஏறுகிறதென்றால் அவர்களால். எனக்கு 65 ஆகும்போதும் அது ஏறிக்கொண்டிருக்குமென்றால், அதிலும் அவர்களுக்குப் பங்கிருக்கும்.

இந்தக் கிழமை நானும் அம்மாவும் விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். 18 வயசிலிருந்து எங்கெங்கே வாழ்ந்தாய், எந்தத் திகதியில் வந்தாய், எப்ப வெளியே போனாய், எல்லாம் கேட்கிறது. பிஸ்கட் டின்னுக்குள் மூன்று பழைய பாஸ்போர்ட் இருக்கிறது. 1994 முத்திரை குத்தின தாளைத்தான் காணவில்லை. அம்மம்மா தன் பெட்டியிலும் ஒருக்காப் பார்க்கச் சொல்கிறா.