மறதிக்கு ஓர் அமைச்சு

தமிழில் ‘கவனக்குறைவு’ என்பது நோயின் பெயராவதற்கு முன்பே குற்றத்தின் பெயராகிவிட்டது. பேருந்து கவிழ்ந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவு. மதிப்பெண் குறைந்தால் மாணவனின் கவனக்குறைவு. ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் வழங்கும் குறைபாட்டைத் தமிழாக்கியவர்களும் அதே சொல்லைத்தான் எடுத்தாண்டனர். ஆகவே பெயரைச் சொன்னவுடன் அறிவுரையும் வந்து விழுகிறது: “கொஞ்சம் கவனமாக இருந்தால் போதுமே!”

இஃது ஒழுக்கக் குறைவன்று. மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடையது. குடும்பவழி வருவதும் மிகுதி. 1902இல் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர், குழந்தைகளிடம் தாம் கண்ட இத்தகைய இயல்புகளைச் சொற்பொழிவுகளில் விவரித்தார். வளர்ந்தால் தானே அகன்றுவிடும் என்று பின்னர் நெடுங்காலம் நம்பினர். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒரு பிரிவின் 9 அறிகுறிகளில் சிறுவர்க்கு 6 தேவை எனில் 17 வயதை எட்டியவர்க்கு 5 போதும் என்றது. அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. நாற்பதைக் கடந்தபின் இதனை அறிந்துகொண்டோருள் நாமும் அடக்கம்.

காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் வள்ளுவர் ஒரே குறளில் அடுக்கிக் கண்டிக்கிறார். அக்குறளை மாணவனை இடித்துரைக்கப் பயன்படுத்துவோர் பலர். ஆனால் மடியின்மையும் பொச்சாவாமையும் பொருட்பாலில், அரசனை நோக்கிய பகுதியில் அமைந்த அதிகாரங்கள். மறவாதே என்று அரசனுக்குச் சொன்ன அதே நூல், சில அதிகாரங்கள் கடந்ததும் அவனருகே அமைச்சரையும் அமர்த்துகிறது. நாடாள்பவனுக்கே துணை வேண்டுமெனில், விடைத்தாள் திருத்துபவனுக்கு வேண்டாமா?

வாழ்க்கைமுறை மாற்றம் என்பதை நாம் இவ்வாறே பொருள்கொள்கிறோம். மனத்திற்கு ஆணையிடுவதன்று அது. மனத்திற்கு வெளியே அமைச்சுகளை அமர்த்துவது. இக்குறைபாடு உடையோர்க்கு என்ன செய்வதென்று தெரியாமலில்லை; தெரிந்ததை உரிய நேரத்தில் தொடங்குவதுதான் கடினம். அவர்களுக்கு ‘இப்போது’, ‘அப்புறம்’ என்ற இரண்டே பொழுதுகள்.

காலத்தை வெளியே நிறுத்தும் உத்தி, தேவர்சோலை போன்ற தேயிலை ஊர்களுக்குப் புதிதன்று. சங்கொலி, பெரட்டு, கொழுந்து நிறுவை என்று தோட்டத்து நாள் காதாலும் கண்ணாலும் அறியத்தக்க கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. முதலாளியின் ஆதாயத்திற்காக ஏற்பட்ட முறை அது. அதனைப் போற்றுவது நம் நோக்கமன்று. அந்த உத்தியை நம் நலத்திற்கென எடுத்துக்கொள்ளலாம் என்கிறோம். விடைத்தாள் கட்டைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் அலைபேசியில் மணி வைக்கலாம். சக ஆசிரியர் ஒருவரை எதிரே அமரச் செய்துகொண்டு திருத்தலாம். சாவிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கதவருகே ஒரே இடத்தை ஒதுக்கலாம். எளியவைதாம், ஆனால் மன உறுதியைவிட நம்பகமானவை.

உறக்கமும் அத்தகையதே. இவர்களுள் பலருக்கு இரவு உறக்கம் பிந்தும். மறுநாள் கவனம் மேலும் சிதறும். தேநீரிலுள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும். வீட்டுக்கு வீடு தேநீர் நீட்டும் ஊரில் மாலைத் தேநீரை மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆயினும் மறுத்துப் பழகுவது நல்லது.

உடற்பயிற்சி கவனத்திற்குத் துணைசெய்கிறது என்பதும் உண்மையே. ஆனால் ‘மாலையில் நடங்கள்’ என்பது சமவெளி அறிவுரை. கூடலூர் வட்டாரத்தில் அந்தி சாய்ந்தால் யானை வரும். 2021 செப்டம்பரில் தேவர்சோலைப் பக்கம் தேவன் எஸ்டேட்டில் புலி ஒருவரைக் கொன்றது; அக்டோபர் 15 அன்று அது பிடிபடும்வரை ஊரே அஞ்சிக் கிடந்தது. இங்கே நடை என்பது வெயில் ஏறியபின், ஆள் நடமாட்டமுள்ள சாலையில்தான். பருவமழைக் காலத்தில் வீட்டுக்குள்தான். ஊருக்கு ஒவ்வாத அறிவுரை ஒரு வாரம் தாங்காது. கைவிட்டவனோ அறிவுரையைப் பழிக்காமல் தன்னையே பழித்துக்கொள்வான்.

இவையெல்லாம் மருந்துக்கு மாற்று எனக் கூறுவோர் உளர். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்குப் பயனளித்தவை. வேண்டுமா வேண்டாவா என்பதை மனநல மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, உறக்கக் கோளாறு ஆகியவையும் இதே வேடம் புனையும் என்பதால் சுயமுடிவு ஆகாது. தொலைவு தடையெனில், 2022இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில் (14416) தமிழிலேயே கட்டணமின்றி முதல் ஆலோசனை பெறலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு உண்டு, இஃது இல்லை. எனவே சலுகை சட்டத்திலிருந்து வருமெனக் காத்திருப்பதில் பயனில்லை; அருகில் இருப்பவரிடமிருந்தே வரவேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் பணியை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். ஒரே இறுதி நாளுக்குப் பதில் இடையில் இரண்டு நாள்களைக் குறியுங்கள். முன்னேற்ற அட்டையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதுமுன், அம்மாணவன் எந்த இடத்தில் இருந்தால், எந்த வேளையில் கவனிக்கிறான் என்று பாருங்கள். செலவில்லாத அமைச்சுப் பணி இது. அரசனுக்குக் கிடைத்த துணை அச்சிறுவனுக்கும் கிடைக்கட்டும்.