விழுந்தவருக்காக நிற்பதும் பந்தயம்தான்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. ஆயினும் ஓராண்டாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுவதே நேர்மை எனத் தோன்றியதால் எழுதுகிறோம்.

பந்தயம் என்றவுடன் நினைவில் எழுவது வழவழப்பான தார்த்தடமும், முழங்கால் தரையில் உரசச் சாய்ந்து திரும்பும் வீரர்களும்தான். எண்டியூரோ அவ்வகைப்பட்டதன்று. காடு, மேடு, ஓடை, மணல், சேறு என இயற்கை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அதன்மீது வண்டியைக் கொண்டுசெல்லும் பந்தயம் அது. மரபான எண்டியூரோவில், குறித்த இடத்துக்குக் குறித்த நிமிடத்தில் வந்து சேர வேண்டும். பிந்தி வந்தால் மட்டுமல்ல, முந்தி வந்தாலும் தண்டனை உண்டு. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய ஆறு நாள் பன்னாட்டுப் போட்டியே இவ்வகைப் பந்தயங்களுக்கெல்லாம் மூத்தது. அதில் தன் பிரிவின் முதல்வர் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடாமல் முடிப்பவருக்குத் தங்கம். அதற்கடுத்த வரம்புக்குள் முடிப்பவருக்கு வெள்ளி. ஆறு நாளும் தாக்குப்பிடித்து முடிக்கும் அனைவருக்கும் வெண்கலம். தாங்கி நிற்றலுக்கே ஒரு பதக்கம் வைத்த விளையாட்டு இது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நாங்கள் இருவரும் பள்ளித் தோழர்கள். ஒருவர் கணக்கர், மற்றவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இருவருக்கும் நாற்பது கடந்துவிட்டது. சென்ற ஆண்டு தை மாதத்தில், கோவைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் நடந்த ஒரு சிறு எண்டியூரோ பந்தயத்தில் பெயர் கொடுத்தோம். சுற்றுக்கு 14 கிலோமீட்டர், மூன்று சுற்றுகள், மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போட்டியாளர் 42 பேர். ஏறத்தாழ அனைவருமே எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள்.

இதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வெளிநாட்டு எண்டியூரோ வண்டிகள் 105 கிலோ அளவில்தான் இருக்கும். எங்களுடையவை நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் எக்ஸ்பல்ஸ் வண்டிகள். 150 கிலோவுக்கும் மேல். டயரை மாற்றி, காற்றைக் குறைத்து, கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட்டோம். மண்பாதையில் இருக்கையில் அமர்ந்து ஓட்ட இயலாது. கால்மிதியில் எழுந்து நின்று, முழங்கால்களால் டாங்கைப் பற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். முதல் சுற்றின் முடிவில் முன்கைகள் கல்லாய் இறுகிவிட்டன. கிளட்சை அழுத்த விரல்கள் மறுத்தன. வண்டி ஒவ்வொரு முறை சாயும்போதும் அதைத் தூக்கி நிறுத்துவது, அடுத்த முறை தூக்குவதற்கான வலுவையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிடுகிறது. அந்நிலையில் மனிதனுக்கு எண்ணம் என்று ஒன்றே ஒன்றுதான் எஞ்சுகிறது: அடுத்த இருபது அடி. இதை நாங்கள் சாக்காகச் சொல்லவில்லை. பின்னே சொல்லப்போவது எந்த மனநிலையில் நிகழ்ந்தது என்பதற்காகச் சொல்கிறோம்.

இரண்டாம் சுற்றில், பனைவரிசையைக் கடந்து ஓடைக்குள் இறங்கும் சரிவில் ஓர் இளைஞர் விழுந்து கிடந்தார். வண்டி அவருடைய காலின்மேல் கிடந்தது. ஒரு கையை உயர்த்தினார். எங்களுள் முன்னே சென்றவர் அதைக் கண்டார். பின்னால் நண்பர் வருகிறார், அவர் நிற்பார் என்று எண்ணிக் கடந்துவிட்டார். பின்னே வந்தவரும் கண்டார். முன்னே சென்றவர் பார்த்துவிட்டுத்தானே போயிருக்கிறார், பெரிதாக அடி இராது என்று எண்ணிக் கடந்துவிட்டார். இருவர் இருந்ததாலேயே ஒருவரும் நிற்கவில்லை. தனியாகச் சென்றிருந்தால் ஒருவேளை நின்றிருப்போமோ என்று இன்றும் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.

மூன்றாம் சுற்றில், ஓடை மணலில் எங்களுள் ஒருவர் விழுந்தார். தோள் பிசகிவிட்டது. வயதில் மூத்த போட்டியாளர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, கைக்குட்டையால் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டு, கொடி பிடிப்பவர் வந்து சேரும்வரை உடன் இருந்தார். எப்படியும் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கட்டிய கையோடு, மெல்ல உருட்டிக்கொண்டே வந்து, கெடு முடிய மூன்று நிமிடம் இருக்கையில் எங்களவர் கோட்டைக் கடந்தார். அது மடமை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

மாலையில் முடிவுப் பட்டியலை ஒட்டினார்கள். எங்களுக்கு 28ஆம் இடமும் 35ஆம் இடமும். கழுத்தில் ஆளுக்கொரு நிறைவுப் பதக்கம். எங்களுக்காக நின்ற பெரியவரின் எண்ணைப் பட்டியலில் தேடினோம். கடைசியில், ‘நேரம் கடந்தவர்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. எண்களை அழைத்துப் பதக்கம் கொடுத்தபோது அவர் தம் வண்டியை வேனில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஓடைச் சரிவில் விழுந்த இளைஞரையும் கண்டோம். சைலன்சர் பட்டுக் கெண்டைக்கால் வெந்திருந்தது. அடுத்து வந்தவர் வண்டியைத் தூக்கும்வரை பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே கிடந்தாராம். நாங்கள் தடுமாறி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“பரவால்லீங்ண்ணா. ரேஸுன்னா அப்படித்தானுங்களே.”

அவர் ஏசியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். பந்தயம் என்றால் அப்படித்தானா? இக்கட்டுரை அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவது.

உலகின் மிகக் கடுமையான நெடுந்தொலைவுப் பந்தயமான தக்கார் ராலி அப்படி இல்லை. 2016இல் ஆஸ்திரியரான மத்தியாஸ் வால்க்னர் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது, முன்னணியில் போட்டியிட்டுக்கொண்டிருந்த போர்ச்சுக்கல் வீரர் பாலோ கொன்சால்வெஸ் நின்றார். மருத்துவ உதவி வரும்வரை உடன் இருந்தார். நின்ற நேரத்தை நடுவர்கள் அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2020 ஜனவரி 12 அன்று சவூதி அரேபிய மணல்வெளியில் அதே கொன்சால்வெஸ் விழுந்து கிடந்தார். அப்போது அவர் நம் நாட்டின் ஹீரோ அணிக்காக ஓட்டிக்கொண்டிருந்தார். அவ்விடத்துக்கு வந்தவர், இருமுறை பட்டம் வென்றவரும் அவ்வாண்டும் பட்டத்துக்குப் போட்டியிட்டவருமான ஆஸ்திரேலியர் டோபி பிரைஸ். அவர் வண்டியை நிறுத்தினார், இயன்றதனைத்தும் செய்தார். கொன்சால்வெஸைக் காப்பாற்ற இயலவில்லை. பிரைஸ் நின்ற நேரமும் அவருக்குத் திருப்பித் தரப்பட்டது. மறுநாள் இருசக்கர வண்டிகளுக்கான கட்டத்தையே ரத்து செய்தார்கள்; ஹீரோ அணி பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது.

ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் பந்தயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இரும்புச் சுரங்க மலையொன்றில் 1995 முதல் நடந்துவருவது. தகுதிச்சுற்றில் தேறிய 500 பேர் இறுதி நாளில் புறப்படுவார்கள். கெடு நான்கு மணி நேரம். கோட்டைத் தொடுவோர் மிகச் சிலரே. 2015இல் முன்னணியில் இருந்த நால்வரும் ஒரு செங்குத்தான சரிவில் சிக்கிக்கொண்டார்கள். தனியொருவராக எவராலும் ஏற முடியவில்லை. ஒருவர் வண்டியை மற்றவர் இழுத்தும் தள்ளியும் நால்வருமாக மேலேறினார்கள். பிறகு ஒன்றாகவே கோட்டைக் கடந்தார்கள். நால்வரும் வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டது. பிழைப்புக்காக ஓட்டும் தொழில்முறை வீரர்களுக்கு இயன்ற ஒன்று, 28ஆம் இடத்துக்காக ஓட்டிய எங்களுக்கு இயலவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பொழுதுபோக்காளர் கலந்துகொள்ளும் ஒவ்வொரு சிறு பந்தயத்தின் விதித்தாளிலும் ஒரு வரி இடம்பெற வேண்டும்: விழுந்தவருக்காக நிற்பவருக்கு, நின்ற நேரம் முழுதும் திருப்பித் தரப்படும்.

இதற்குச் சில மறுப்புகள் வரும். உதவுவது கொடி பிடிப்பவர் வேலை என்பார்கள். 14 கிலோமீட்டர் பாதையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எந்த இருவருக்கும் இடையிலும் கண்ணுக்கெட்டாத ஓடைகளும் புதர்களும் இருந்தன. முதலில் காண்பவர் எப்போதும் இன்னொரு போட்டியாளர்தான். நிற்காமலேயே நின்றதாகச் சொல்லி ஏய்ப்பார்கள் என்பார்கள். தக்காரில் செயற்கைக்கோள் கருவி சாட்சி சொல்கிறது. சிறு பந்தயத்தில் விழுந்தவரின் சொல்லும் கொடி பிடிப்பவரின் கடிகாரமும் போதும். யாரோ ஒருவர் பொய் சொல்லி 20ஆம் இடத்தைப் பெற்றுவிட்டால் உலகம் இடிந்துவிடாது. பிறர் உதவியை மறுப்பதுதான் எண்டியூரோவின் மரபு என்பார்கள். அம்மரபு வண்டியைப் பழுதுபார்ப்பதற்கு உரியது. மனித உடலுக்கு உரியதன்று.

விதியோடு சிறிது பயிற்சியும் வேண்டும். நம் வண்டியை விழுந்தவருக்கு முன்னதாக, வருபவர் கண்ணில் படும்படி பாதையில் நிறுத்துவது. கவிழ்ந்த வண்டியின் எஞ்சினை அணைப்பது. கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், மூச்சுத் தடைபட்டாலொழிய தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருப்பது. புறப்படுமுன் பத்து நிமிடம் ஒதுக்கினால் கற்பித்துவிடலாம்.

ஒரு விதி மனிதரை நல்லவராக்கிவிடுமா என்று கேட்கலாம். ஆக்காது. எங்களுக்காக நின்ற பெரியவருக்கு எந்த விதியும் தேவைப்படவில்லை. விதி வேண்டியிருப்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான். களைப்பின் உச்சியில், நிற்பதா போவதா என்று ஒரு நொடி தடுமாறுகிறவர்களுக்கு. அந்த நொடியில், நின்றாலும் எதுவும் போய்விடாது என்று எவரோ காதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெச்சூர் என்ற சொல்லின் வேரில் இருப்பது அன்பு என்பார்கள். ஒன்றை நேசிப்பதற்காகவே செய்பவர் என்று பொருள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிர்ப்படும் வறியவனை நிறுத்தி வழிசொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம்முடையது. ஆற்றுப்படைகளை வரிவரியாக ரசித்துப் பேசும் நாங்கள், உயர்த்திய கையொன்றைக் கண்டும் கடந்து போனோம்.

இவ்வாண்டும் பெயர் கொடுத்திருக்கிறோம். அந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு அமைப்பாளர்களுக்கு எழுதினோம், பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். முதலில் பார்ப்பவர் நிற்க வேண்டும். பின்னால் வருபவரும் நிற்க வேண்டும்.