கெட்டி ஆயில் ஊத்தாதீங்கப்பா!

போன வாரம் கோயம்புத்தூர்ல இருந்து அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, எண்பதாயிரம் வேணும். பெரிய வண்டியோட தலைகீழ் ஃபோர்க்கை என் ஆர்15ல மாட்டணும்."

நாக்பூர் பிராஞ்ச்ல உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவன் கடன் மனுவை அலசறவன்கிட்டயே மனு. தள்ளுபடி! ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு வாக்குமூலம். நாலு மாசம் முன்னாடி பிரேக் போட்டா முன்பக்கம் முங்குதுன்னு சொன்னான். "இருபது டபிள்யூ ஆயில் ஊத்துடா, ப்ரீலோட் ஏத்துடா"ன்னு சொன்ன மேதாவி நான்தான். என் ஆர்எக்ஸ் 100 காலத்து ஞானம். அடுத்த டிராக் நாள்ல மேடுபள்ளமான வளைவுல முன்சக்கரம் வழுக்கி, காலர் எலும்பு முறிஞ்சுது. அக்கா இன்னும் என்கிட்ட சரியா பேசலை.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். நான் பி.காம்., இஞ்ஜினியர் இல்லை. ஆனா பற்று வரவு புரியும்.

சின்ன வண்டிகள்ல பெரும்பாலும் டேம்பர் ராட் ஃபோர்க்தான். ஆயில் ஒரு நிலையான ஓட்டை வழியா போகுது. அவ்வளவுதான் டெக்னாலஜி. வேகம் இரண்டு மடங்கானா எதிர்ப்பு சுமார் நாலு மடங்கு. பிரேக் போடும்போது ஃபோர்க் மெதுவா இறங்கும், அங்கே எதிர்ப்பு பத்தாது. மேட்டுல இடிக்கும்போது சட்டுன்னு நகரும், அங்கே எதிர்ப்பு அதிகம்.

கெட்டி ஆயில் ஊத்தினா? இறங்கறதும் கஷ்டம், ஏறி வர்றதும் கஷ்டம். முதல் மேட்டுல அமுங்கின ஃபோர்க் எழும்பறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும். படிப்படியா அமுங்கி, டயர் ரோட்டை விட்டுடும். மருமகன் விழுந்தது இப்படித்தான்னு நினைக்கிறேன்.

ப்ரீலோட் ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாகும்ங்கறதும் மூடநம்பிக்கை. உயரம்தான் மாறும். ஸ்பிரிங் அதேதான்.

சரி, "அப்போ தலைகீழ் ஃபோர்க்?" 2021ல வந்த ஆர்15 வி4லயே கம்பெனி அதை மாட்டிடுச்சு. ஆனா அட்ஜஸ்ட் பண்ண ஒரு ஸ்க்ரூ கிடையாது. வளையாம நிக்கும், அது உண்மை. ஆனா பெரிய வண்டி எடைக்குப் போட்ட ஸ்பிரிங், வேற நீளம், வேற ஆஃப்செட். காசு கொடுத்து புதுத் தலைவலி வாங்கணுமா?

செய்ய வேண்டிய வரிசை இதுதான்:

1. ஃபோர்க் குழாய்ல ஒரு கேபிள் டை கட்டு. எவ்வளவு அமுங்குதுன்னு அதுவே சொல்லும்.
2. ரேஸ் சூட்டோட உட்கார்ந்தா சுமார் 30 மிமீ இறங்கணும். அங்கே ஆரம்பி.
3. அப்படியும் பிரேக்ல அடிவரைக்கும் போனா, உன் எடைக்கு ஏத்த ஸ்பிரிங் போடு.
4. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுசா அமுக்கி ஆயில் மட்டம் அள. 5 மிமீ ஏத்தினாலே கடைசிப் பகுதி இறுகும்.
5. ரூல் புக் அனுமதிச்சா எமுலேட்டர் வால்வு போடு. ராட் ஓட்டையைப் பெரிசாக்கிட்டா இறங்கறதை வால்வு பார்த்துக்கும், ஏறுறதை மட்டும் ஆயில் பார்த்துக்கும். பற்று தனி, வரவு தனி!
6. ஆக்ஸில் கிளாம்ப்பை இறுக்கறதுக்கு முன்னாடி நாலு தடவை ஃபோர்க்கை அமுக்கி விடு. கோணலா இருந்தா எல்லாம் வேஸ்ட்.

ஒரு நேரத்துல ஒரு மாற்றம்தான். நோட்டுல எழுது. வவுச்சர் இல்லாத என்ட்ரி செல்லாது :-)

இருங்காட்டுக்கோட்டை, கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு இரண்டு டிராக்கும் நம்ம ஊர்லயே இருக்கு. அங்கே வேகமா போறதுக்குக் கடன் வேண்டாம்ப்பா, ஸ்கேலும் பொறுமையும் போதும்.

ஸ்பிரிங்கும் ஆயிலும் என் செலவு. திருப்பித் தர வேண்டாம், முழுசா வீடு திரும்பினா போதும். அக்காகிட்ட மட்டும் ஒரு வார்த்தை எனக்காகப் பேசுடா.