மலிவு வீடு, காஸ்ட்லி வாழ்க்கை

முதலியார்பேட்டையில் நண்பர் ஒருவர் இரண்டு ஃப்ளாட் பார்த்தார். ஒன்றில் லிஃப்ட், ஜெனரேட்டர், ஜிம்... மெயின்டனன்ஸ் மாதம் 5,000 ரூபாய். இன்னொன்று இரண்டே மாடிக் கட்டடம். மெயின்டனன்ஸ் 1,000 ரூபாய்தான். ஆனால், விலை 5 லட்சம் அதிகம். 'அஞ்சு லட்சம் மிச்சம் சார்!' என்று முதலாவதை வாங்கிவிட்டார்.

மிச்சமா? கணக்குப் போடுங்கள். அந்த 5 லட்சத்தை எட்டரை சதவிகித வட்டியில் 20 வருடக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 4,340 ரூபாய். மெயின்டனன்ஸில் அவர் கூடுதலாகக் கட்டுவது 4,000. தவணை 20 வருடத்தில் முடியும். மெயின்டனன்ஸ்? வருடம் 6 சதவிகிதம் ஏறினாலே, 20-வது வருடம் அந்த நாலாயிரம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அப்போது நண்பருக்கு வயசு 65. சம்பளம் கிடையாது!

அதே முதலியார்பேட்டையில்தான் ஏ.எஃப்.டி. மில் ஓடிக்கொண்டிருந்தது. 2020-ல் இழுத்து மூடினார்கள். சம்பளம் ஒருநாள் நிற்கும். மெயின்டனன்ஸ் பில் நிற்காது.

லிஃப்ட் தப்பில்லை. முழங்கால் வலிக்காரருக்கு அது தேவை. அதன் செலவை மறைத்துவிட்டு, சதுர அடி ரேட்டை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிற விளம்பரம்தான் தப்பு. அடுத்த முறை பில்டரிடம் 'வீடு என்ன விலை?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இந்த வீட்டுல இருக்க மாசம் எவ்வளவு?' என்று கேளுங்கள். மென்று முழுங்கினால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்!