சதை ஆடவில்லையே!

“தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்” என்று நம் மேடைகளில் பலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்தபின் அந்தப் பழமொழி மீது எனக்கு ஐயம் வந்துவிட்டது.

79ஆம் நியூயார்க் காலாட்படை, அந்நகரில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களால் தொடங்கப்பட்டது. அணிவகுப்பில் கில்ட் உடுத்துவார்கள். (போர்க்களத்தில் பெரும்பாலும் கால்சட்டைதான்!) 1861 ஜூலை 21இல் புல் ரன் போரில் தன் தளபதி கர்னல் ஜேம்ஸ் கேமரனைப் பறிகொடுத்தது. மறுமாதமே கலகம் செய்து, தண்டனையாகக் கொடியையும் இழந்து, பின்னர் மீட்டது.

1862 ஜூன் 16இல் இப்படை, தென்மாநிலத்தாரின் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே செசஷன்வில் அரணைத் தாக்கியது. கொடி ஏந்திச் சென்றவர் அலெக்சாண்டர் கேம்பெல் என்ற கல்தச்சர். அரணுக்குள் நின்று எதிர்த்தவர்களில் ஒருவர் அவருடைய உடன்பிறந்த சகோதரர் ஜேம்ஸ்! இருவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் சார்ல்ஸ்டனிலும் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிடிபட்ட கைதிகள் சொல்லித்தான் ஜேம்ஸுக்கு விவரம் தெரிந்தது. உடனே சகோதரருக்குக் கடிதம் எழுதினார். இனி களத்தில் சந்திக்கக்கூடாது என்று விரும்பினார். சந்தித்தாலோ, இருவரும் அவரவர் கடமையைச் செய்வோம் என்றார்.

இதைப் பாசக்கதையாக மட்டும் சொல்லி இருவரையும் சமமாகப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. தாய்நாடு ஒன்றே, எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் குடியேறிய ஊர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஊர் சொல்வது நியாயமா என்று ஜேம்ஸ் கேட்டிருக்க வேண்டாமா? 1856 முதல் அடிமைகளை ஏலம் விட்ட கூடம் ஒன்று அதே சார்ல்ஸ்டனில்தான் இருந்தது.