கொலுசு போட்ட எழுத்தா, வெறுங்காலா?

சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொள்வது வீடு கட்டுகிற மாதிரி அவ்வளவு பெரிய காரியமில்லை. ஆனால் குடிபோகிற சமயத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும் பாருங்கள்: எந்த எழுத்தில் போடுவது?

ஆங்கில எழுத்தில் இரண்டு ரகம். கோட்டின் நுனியில் சின்னக் குறுக்குக்கோடு வைத்திருப்பது செரிஃப். கொலுசு போட்ட கால் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அது இல்லாமல் வெறுங்காலோடு நிற்பது சான்ஸ் செரிஃப். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1932-ல் தனக்கென்று செய்துகொண்ட டைம்ஸ் நியூ ரோமன் முதல் ரகம். 1957-ல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெடிகா இரண்டாவது.

திரைக்கு வெறுங்கால்தான் நல்லது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அது வாஸ்தவம். பழைய கம்ப்யூட்டர் திரையில் அங்குலத்துக்கு நூறு புள்ளிகூடக் கிடையாது. அத்தனை பெரிய புள்ளிகளில் கொலுசு எங்கே தெரியும்? நசுங்கித்தான் போகும். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிக்கு மேல். அந்தச் சண்டை தீர்ந்தது.

தீராத சண்டை வேறொன்று. ஹெல்வெடிகாவில் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஏறக்குறைய ஒரே குச்சி. மின்னஞ்சல் விலாசத்தில் இது வந்தால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும்! மாத்யூ கார்ட்டர் என்பவர் திரைக்கென்றே வரைந்து, 1996-ல் மைக்ரோஸாஃப்ட் வெளியிட்ட வெர்டானா வெறுங்கால் ரகம்தான். ஆனால் பெரிய 'ஐ'க்குக் கொலுசு மாட்டிவிட்டார். கெட்டிக்காரர்.

நம் தமிழுக்கு அந்தக் கொலுசு பிறவியில் இல்லை. ஆனால் குழப்பம் இருக்கிறது.

என் சிநேகிதி ஒருத்தி, காலமான தன் அம்மாவின் சமையல் நோட்டை இணையதளமாக்கினாள். நாகரிகமாக இருக்கட்டுமென்று ஊசிபோல் மெல்லிய எழுத்து, அதுவும் சாம்பல் நிறத்தில். அவளுடைய பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தங்கையின் நோட்டை மறுபடி பார்க்கலாமென்று ஆசையாகக் கைப்பேசியை வாங்கி, மைசூர்பாகு பக்கத்தைத் திறந்தார்.

"ஏண்டி, 'மாவும் நெய்யும் சோக் கிளறவும்' என்று போட்டிருக்கிறாயே, சோ என்றால் என்ன?"

'சேரக் கிளறவும்' என்பதுதான் அது. 'ர'வின் வால் அந்த எழுத்தில் தெரியவில்லை. வால் போனால் 'ர' வெறும் துணைக்கால்தானே! "என் தங்கை இப்படியெல்லாம் எழுதமாட்டாள்" என்று பெரியம்மா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார். சிநேகிதிக்கு அன்றிரவு தூக்கமில்லை.

என்னிடம் வந்தாள். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் என்று இரண்டு எழுத்துக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலாவதில் கோடு அநேகமாக ஒரே கனம். இரண்டாவதில் தடித்தும் மெலிந்தும் ஓடும். அதே மைசூர்பாகு குறிப்பை இரண்டிலும் போட்டு, "எது அழகு என்று கேட்காதே, உரக்கப் படிக்கச் சொல்" என்றேன். பெரியம்மா தடித்து மெலிந்ததைத் தடங்கலில்லாமல் படித்தாராம். உங்கள் வீட்டில் மற்றது ஜெயிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கி, நல்ல கறுப்பாக்கி, வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடமும் கொடுத்தாள். நிஜத்தைச் சொன்னால், பாதி வேலை அதில்தான் ஆயிற்று.

போன வாரம் பெரியம்மாவே ஃபோன் செய்தாராம்: "எப்போது இறக்குவது என்று உன் அம்மா எழுதாமல் விட்டிருக்கிறாள். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்!"